மூச்சடைத்த ஏழு சீட்டிகள்

பம்பாயில் மழை பிடித்துவிட்டால் துணி காயாது. தலையணை உறை காயாது, பனியன் காயாது, வேட்டி மூன்றாம் நாள் புளித்த மாவு வாடை அடிக்கும். இது தெரியாமல் இந்த ஊரில் லாண்டரி வைக்கிறவன் முட்டாள். எங்கள் முதலாளி முட்டாள் இல்லை. செம்பூரில் தன் லாண்டரிக்குப் பின்னால் துணி காயப் போடுவதற்கென்றே ஒரு சூட்டறை கட்டினார்.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே பைப் ஃபிட்டர். குடியிருந்தது தாராவியில். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்குவேன். சூட்டறையின் பைப் வேலை மொத்தமும் என் கையால் செய்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போகும் அசிங்கத்துக்கு இதுதான் காரணம்.

அந்த அறையின் சுவரோரம் எட்டு ரேடியேட்டர்கள். உடைக்க வந்த ஏதோ ஒரு கப்பலிலிருந்து கழற்றிப் பழைய இரும்பாக விற்றதை முதலாளி வாங்கி வந்திருந்தார். வார்ப்பிரும்பு. ஒவ்வொன்றும் ஒரு மாட்டின் விலா எலும்பை நிறுத்தி வைத்தது மாதிரி இருக்கும். குளிர் தேசத்துக்காரன் வீட்டுக்குள் கதகதப்புக்கு வைத்துக்கொள்கிற சாமான். நாங்கள் அதை வைத்து ஆஸ்பத்திரிப் போர்வை காயவைத்தோம். பக்கத்துக் கொட்டகையில் பாய்லர். அங்கிருந்து பைப் வழியாக ஆவி வந்து இரும்புக்குள் நிறையும், இரும்பு கொதிக்கும், கயிற்றில் தொங்கும் துணி காயும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஆவி உள்ளே வர வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வேண்டும். அதற்காக ஒவ்வொரு ரேடியேட்டரின் ஓரத்திலும் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருக்கும். அதன் உச்சியில் குண்டூசி நுழையும் அளவு ஓட்டை. முதலில் ஸ்ஸ் என்று காற்று போகும். சுடச்சுட ஆவி வந்து தொட்டதும் உள்ளே ஒரு சின்ன டப்பி உப்பி, டிக் என்று ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தால் லாண்டரியில் எல்லோரும் அதற்கு ‘சீட்டி’ என்று பெயர் வைத்திருந்தோம். சீட்டி என்றால் இங்கே இந்தியில் விசில்.

அந்த வருஷம் ஜூனில் மழை தொடங்கியதும் பாய்லரை மூட்டினோம். வெயில் காலமெல்லாம் துணி வெளியே காய்ந்ததால் சூட்டறைக்குப் பல மாதம் வேலையே இல்லை. மூட்டி மூன்று நாள் ஆகியும் அறை சுடவில்லை. எட்டில் ஏழு ரேடியேட்டர் பிணம் மாதிரி குளிர்ந்து கிடந்தது. கடைசி மூலையில், பெரிய மர அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒன்று மட்டும் சுட்டது. ஆஸ்பத்திரித் துணி மலைமலையாக ஈரத்தில் கிடந்தது.

புதன்கிழமை காலையில் முதலாளி வந்தார். மாட்டுங்காக்காரர். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தவர். நெற்றியில் சந்தனம் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ரேடியேட்டராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“என்னடா இது, ஐஸ் மாதிரி இருக்கு? நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரா வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?”

“பைப்புல ஒரு குறையும் கிடையாது சார்,” என்றேன். “ஆவி வந்தாத்தான சுடும்? தீ பத்தல.”

“ஏன் பத்தலை?”

“பாயக் கேளுங்க. எப்பப் பாத்தாலும் சாக்கு மேல சாஞ்சுதான் கெடக்காரு.”

இதைச் சொன்னவன் நான். பாய் என்றது பாய்லர்காரரை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். என்னைவிட ஐந்தாறு வயது கூட. அவர் சாக்கின் மேல் சாய்ந்திருந்ததை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன், அன்று அவருக்குக் காய்ச்சல். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். என் பைப்பில் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

“பிரஷர் முள்ளு சரியா நிக்கறதுன்னு சொன்னானே?”

“முள்ளு என்ன சார், பழைய முள்ளு. அது எங்கயாவது நிக்கும்.”

முதலாளி தலையை ஆட்டினார். “சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்பறம் வேற ஆளைப் போட்டுடறேன். ரூமையும் காலி பண்ணணும்னு அவன்கிட்ட நீயே சொல்லிடு.”

பாய்க்கு அங்கே வேலை மட்டும் இல்லை, வீடும் அதுதான். பாய்லர் கொட்டகைச் சுவரை ஒட்டி ஒரு தகர அறை. போன மாதம்தான் ஊரிலிருந்து மனைவியையும் நாலு மாதக் குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். பாய்லர் சுவரின் சூட்டில் அந்த அறை ஒன்றுதான் செம்பூரிலேயே ஈரமில்லாமல் இருந்தது. குழந்தையின் துணிகளை வரிசையாக அந்தச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வேலை போனால் அந்த மழையில் கைக்குழந்தையோடு அவர் எங்கே போவார்? இந்த யோசனை எனக்கு அவர் கொட்டகைக்குப் போகிற வழியில்தான் வந்தது. சொல்வதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

போய்ச் சொன்னேன். அவர் கரி அள்ளிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“நான் தூங்குதேன்னு யாருவே சொன்னா?”

நான் கீழே சிதறிய கரியைக் காலால் ஒதுக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அடித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“அலமாரிக்குப் பின்னால ஒண்ணு இருக்குல்லா, அது சுடுதா?”

“சுடுது.”

“அதுதான கடைசி? பைப்பு எல்லாத்தையும் தாண்டித்தான அங்க போவுது?”

“ஆமா.”

“தீ பத்தலன்னா ஆவி முன்னால இருக்க ஏழையும் விட்டுட்டு அங்க மட்டும் எப்படிவே போச்சு? ரெக்க கட்டிப் பறந்து போச்சா?”

நான் சூட்டறைக்குத் திரும்பினேன். எனக்குக் கோபம். அவர் மேல் கோபம், அவர் சொன்னது சரியாக இருந்ததால். அவரைப் பொய்யனாக்கிக் காட்டுகிறேன் என்று முதல் ரேடியேட்டருக்குப் போகும் பைப்பைக் கையால் பிடித்தேன். உள்ளங்கை வெந்துவிட்டது.

பைப் கொதிக்கிறது. ஒரு சாண் தள்ளி இரும்பு குளிர்ந்து கிடக்கிறது. ஆவி வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே நுழையவில்லை. தீயில் குறை இல்லை. முள்ளும் சரி, பாயும் சரி. குறை என் பக்கம்.

கையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு அலமாரியை நகர்த்தி, மூலையில் சுடுகிற ரேடியேட்டரின் வால்வை அடைத்து, அதன் சீட்டியைக் கழற்றி, முதல் ரேடியேட்டரில் மாட்டினேன். வால்வைத் திறந்தேன். ஸ்ஸ் என்று காற்று சீறியது. பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு விலாவாகச் சூடேறி, டிக் என்றது. முதல் ரேடியேட்டர் கொதித்தது.

சீட்டிதான். மற்ற ஏழு சீட்டியும் செத்துப்போயிருக்கிறது.

துணி காயப்போடும் அக்கா ஈரப் போர்வை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாராவியில் எங்கள் தெருவுக்குப் பின்தெரு. வாய் கொஞ்சம் நீளம்.

“ஏல, இத மூணு நாளைக்கு முன்னாலயே பாத்திருக்கலாம்லா? அந்த மனுசன் தலையில பழியப் போட்டுட்டு இப்பத்தான் பைப்பத் தடவுதான், கோட்டிக்காரப் பய.”

“நீ சும்மா இரு, அக்கா.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். மூணு நாளா துணி காயல, எனக்கு என்ன சோலி?”

புதுச் சீட்டி கடையில் கிடைக்கிற காலமில்லை அது. வெளிநாட்டுச் சாமான் வர வழியில்லை, உள்ளூரில் அதைச் செய்வாரும் இல்லை. வியாழக்கிழமை மழையில் நனைந்துகொண்டே துறைமுகப் பக்கம் கப்பல் சாமான் விற்கிற இடத்துக்குப் போனேன். ஒவ்வொரு கடையிலும் குமிழை நீட்டி, “ஏ சீட்டி ஹை க்யா?”, இந்தச் சீட்டி இருக்கிறதா, என்று கேட்டால், ஒருவன் ரயில்வே விசிலை எடுத்து ஊதிக் காட்டுகிறான். இன்னொருவன் குக்கர் மூடியை எடுத்து நீட்டுகிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மூடியாலேயே அவன் மண்டையில் போட்டிருப்பேன். கடைசியில் ஒரு கிழவர் என் கையிலிருந்ததை வாங்கி வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. உள்ளே போய் ஒரு சாக்கைக் கொட்டினார். கதவுப் பிடி, குழாய் மூக்கு, கப்பல் மணியின் நாக்கு, அதற்கு நடுவில் சீட்டிகள். ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து ஏழு பொறுக்கினேன். அதில் இரண்டுக்குத் திருகு மரை சேராது என்று அங்கேயே தெரிந்தது. பரவாயில்லை, மரை வெட்ட எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். செத்த சீட்டியைக் கழற்றுவது, மரையைச் சுத்தம் செய்வது, ஆவி கசியாமல் இருக்கச் சணல் சுற்றி வெள்ளை ஈயப் பசை பூசிப் புதுசைத் திருகுவது. ரொம்ப முறுக்கினால் பித்தளை விரிசல் விட்டுப்போகும். வெந்த கையால் முறுக்கியதில் ஒரு நன்மை, பலம் அளவாகவே வந்தது. எட்டையும் மாட்டிவிட்டு பாயிடம் போய், “ஆவி விடுங்க,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வால்வைத் திறந்தார்.

நான் சூட்டறைக்குத் திரும்புவதற்குள் எட்டும் ஒன்றாகச் சீறின. அறை முழுக்க ஸ்ஸ் என்ற சத்தம். பிறகு ஒன்று டிக். இன்னொன்று டிக். எட்டாவது டிக் வரும்வரை நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

“ஏ அம்மா, தாளிச்சுக் கொட்டுன மாதிரில்லா சத்தம் போடுது,” என்று அக்கா போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு மணி நேரத்தில் அறை வெந்தது. சாயங்காலத்துக்குள் முதல் துணி மலை காய்ந்துவிட்டது.

பிரச்சினை முடிந்தது, பாய் தப்பித்தார் என்று நினைத்து, ஏழு சீட்டி மாற்றியதை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்தான். வந்து எட்டையும் தொட்டார், விரலை உதறிக்கொண்டார். பிறகு கேட்டார்.

“சரி, ஏழும் ஒரே சமயத்துல எப்படிடா கெட்டுப்போகும்?”

“உள்ள என்னமோ அடச்சிருக்கு சார்.”

“என்னமோன்னா? பாய்லர்ல அழுக்கு ஜலம். அந்தக் கசடுதான் ஆவியோட வந்து அடைச்சிருக்கு. ஜலத்தைப் பாத்து விடற வேலை யாரோடது? அவனோடதுதானே? நாளைக்கு அவன் கிளம்பட்டும். புது ஆள் திங்கட்கிழமை வரான், சொல்லிட்டேன்.”

என் வாயில் மண். தீ என்று ஆரம்பித்தேன், அது தண்ணீரில் வந்து நிற்கிறது. தப்பு ஒன்று நடந்தால் பாய்லர்காரன் தலையில்தான் விழும் என்று அவர் மனசில் வழி போட்டுக் கொடுத்தவனே நான். இப்போது இல்லை என்று சொன்னால், பின்னே என்ன என்று கேட்பார். எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் சீக்கிரம் போனேன். தகர அறையில் பாயின் மனைவி சுவரிலிருந்து குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. பாய் பாய்லர் பக்கம்தான் இருந்தார். போகிற நாளிலும் தீயைக் குறைக்கவில்லை.

நான் கழற்றிய ஏழு சீட்டியையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, சலவைச் சோடா போட்ட தண்ணீர் ஊற்றி, பாய்லர் வாயில் வைத்தேன். கசடுதானா என்று பார்த்துவிடலாம். கசடு என்றால் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி வரும். தண்ணீர் கொதித்தது. துணி எடுக்க வந்த அக்கா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

“யாருல இங்க சந்தனம் அரைக்கது?”

“சந்தனமா?”

“ஏ, கோயிலுக்குள்ள வந்த மாதிரில்லா மணக்கு.”

நான் டப்பாவுக்குள் குனிந்தேன். ஆவியில் மூஞ்சி சுட்டது. சந்தனம். கடைச் சந்தனம், சந்தேகமே இல்லை. ஒரு சீட்டியை இடுக்கியால் எடுத்து, அடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினேன். உச்சி ஓட்டை வழியாக மஞ்சளாக ஒரு துணுக்கு வந்து விழுந்தது. அதன் மேல்முனையில் சிவப்பு. குங்குமம்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

போன அக்டோபரில் ஆயுத பூஜை. முதலாளி வழக்கம்போல எல்லாவற்றையும் கழுவித் துடைக்கச் சொன்னார். பாய்லர், பைப், இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு. “ஒண்ணு விடாம வைடா,” என்று என்னிடம்தான் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார். விலை மலிவுச் சந்தனப் பொடி, என்ன மாவு கலந்திருந்தானோ, காய்ந்தால் கோந்து மாதிரி இறுகும். ரேடியேட்டரில் எங்கே வைப்பது? விலா எலும்பில் வைத்தால் வழிகிறது. சீட்டியோ கட்டைவிரல் அளவுக்கு, மொழுமொழு என்று, தலை மாதிரி நிற்கிறது. அதன் உச்சியில் அழுத்தி வைத்தேன். நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. மறுநாள் எண்ணெய்த் துணியால் வெளியே இருந்ததைத் துடைத்தேன். ஓட்டைக்குள் போனது உள்ளேயே இருந்து, வெயில் காலம் பூராவும் இறுகிக் கல்லாகிவிட்டது. அலமாரிக்குப் பின்னால் இருந்ததற்கு மட்டும் கை எட்டவில்லை, விட்டுவிட்டேன். சாமி கோவித்துக்கொள்ளுமோ என்றுகூட அன்று நினைத்தேன். கடைசியில் அது ஒன்றுதான் பிழைத்தது.

“என்னல பேயறஞ்ச மாதிரி உக்காந்துட்ட?” என்றாள் அக்கா.

“நாந்தாங்கா. என் கட்டவெரல்தான்.”

டப்பாவை அப்படியே துணியால் பிடித்துக்கொண்டு முதலாளியின் அறைக்கு ஓடினேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து நிமிர்வதற்குள் மேஜை மேல் வைத்தேன்.

“மோந்து பாருங்க சார்.”

“என்னடா இது, சுடச்சுட?”

“மோந்து பாருங்க.”

முகர்ந்தார். என்னைப் பார்த்தார். தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். மறுபடி முகர்ந்தார்.

“பூஜைல வெச்சதா?”

“ஆமா சார். நாந்தான் வச்சேன். ஓட்ட மேலயே வச்சிருக்கேன். கசடும் இல்ல, அழுக்குத் தண்ணியும் இல்ல.”

“நான்தானே வெக்கச் சொன்னேன்,” என்றார் மெதுவாக. அவருக்கு இருந்த சிக்கல் எனக்குப் புரிந்தது. தீயைத் திட்டலாம், தண்ணீரைத் திட்டலாம். சந்தனத்தை எப்படித் திட்டுவது?

“இதுல யாரையும் குத்தம் சொல்லப்படாது,” என்றார்.

“பாயச் சொன்னீங்களே சார்.”

“அதான் சொல்றேனே, யாரையும்னு. திங்கட்கிழமை வரவனை வேண்டாம்னு சொல்லிக்கறேன். நீ போ. அந்த ஜலத்தைக் கால் படற எடத்துல கொட்டாதே.”

நான் அதை வேலியோரம் இருந்த செடியில் கொட்டிவிட்டு பாயிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார்.

“எட்டு மாசம் மூக்க அடச்சு வச்சிருக்கீரு. உம்ம சாமிக்கே மூச்சு முட்டியிருக்கும்வே.”

நானும் சிரித்தேன். அவர் சட்டென்று நிறுத்தினார்.

“சரி, நான் தூங்குதேன்னு சொன்னீரே, அதுக்கு என்ன சொல்லுதீரு?”

“தப்புதான் பாய்.”

“எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? யாருகிட்ட சொன்னீரோ அங்க போய்ச் சொல்லும்.”

திரும்பிப் போனேன். முதலாளியிடம், “பாய் தூங்கினாருன்னு சொன்னது பொய் சார். அன்னிக்கு அவருக்குக் காச்சல்,” என்றேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான், போடா,” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தையும் நிம்மதியையும் பிரிக்க முடியவில்லை. சந்தேகம் இருந்தும் ஒருவனை மழையில் அனுப்பப் பார்த்தாரே. ஆனால் சொன்னவன் நான். வெளியே வந்துவிட்டேன்.

தகர அறையைத் தாண்டும்போது பார்த்தேன். டிரங்குப் பெட்டி மூடியிருந்தது, கட்டிலுக்கு அடியில். சுவரில் குழந்தைத் துணிகள் மறுபடியும் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கின. அன்று ரயிலில் குர்லா வரை நின்றுகொண்டே வந்தேன், கூட்டத்தில் யார் யாரோ காலை மிதித்தார்கள். ஒருவனையும் திட்டவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அந்த அக்டோபரில் மறுபடி ஆயுத பூஜை வந்தது. நான் சந்தனக் கிண்ணத்தோடு சூட்டறைக்குள் போனால், பாய் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார். கையில் அவருக்குக் கொடுத்த பொரி.

“தலையில வைக்காதேயும். வயித்துல வையும்.”

“வழியும் பாய்.”

“வழிஞ்சா வழியட்டும். மூக்குல மட்டும் கை வைக்கப்படாது.”

எட்டு ரேடியேட்டருக்கும் கூடவே வந்தார். ஒவ்வொன்றிலும் நான் வயிற்றில் பொட்டு வைத்ததும், குனிந்து சீட்டியின் உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு விட்டார். அலமாரியை நகர்த்தி, பின்னால் இருந்ததற்கும் வைக்கச் சொன்னார். “போன வருசம் பாவம், அதுக்கு ஒண்ணுமே கெடைக்கல,” என்றார்.

அடுத்த ஜூனில் முதல் மழை விழுந்த அன்று நானும் அவரும் அக்காவும் சூட்டறைக்குள் நின்றோம். ஆவி வந்தது. எட்டும் சீறின. அக்கா விரல்விட்டு எண்ணினாள். ஆறு, ஏழு. எட்டாவது கொஞ்சம் தாமதித்தது. பாய் என் கட்டைவிரலைத் திரும்பிப் பார்த்தார்.

டிக்.